அறுபத்திரண்டாவது வாக்கியம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் வேன் ஓட்டுகிறவன். கதை கட்டிச் சொல்லும் அளவுக்கு என்னிடம் சரக்கு கிடையாது. பட்டப்பகலில், என் வீட்டு அறையில், என் இரண்டு கண்ணாலும் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், அப்புறம் அவளால் பேசவே முடியாது. அன்று மாலை ஆறு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள் நூற்றைம்பது வாக்கியங்களை அவள் வாயால் படித்துப் பதிவு செய்து அனுப்பினால், ஒரு நிலையத்தில் அதை வைத்து அவள் குரலை உருவாக்கித் தருவார்கள். பிறகு அவள் போனில் எழுதுவதை, போன் அவள் குரலிலேயே பேசும். பதினெட்டு வருஷம் என்னைத் திட்டித் தீர்த்த குரல். அதைப் பறிகொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

லேப்டாப்பின் சொந்த மைக்கில் ஒரே இரைச்சல். அதனால் தனியாக ஒரு மைக்கும், அதை இணைக்க வெளியே செருகும் யூஎஸ்பி சவுண்டு கார்டும் வாங்கி வந்தேன். மதியம் 1.40க்குச் செருகினேன். கார்டில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரோ, அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை என்று சாதித்தது. மச்சானுக்குப் போன் போட்டேன். என் மனைவியின் தம்பி அவன், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். டிரைவர் பிரச்சினை என்றான். இருபது வருஷமாக நான்தான் டிரைவர், என்னால் யாருக்கு என்ன பிரச்சினை என்று கேட்டேன். அவன் சிரித்தான்; கார்டை இயக்கும் மென்பொருளுக்கும் அதே பெயராம். எனக்கு அழுகைதான் வந்தது.

அவன் சொல்லச் சொல்ல டிரைவரை நீக்கினேன். மறுபடி ஏற்றினேன். வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினேன். மூன்று தடவை ரீஸ்டார்ட். பழைய லேப்டாப், ஒவ்வொரு தடவையும் எட்டு நிமிஷம் விழுங்கியது. அவள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற கொஞ்சக் குரலையும் மிச்சம் பிடிக்க வேண்டுமே. 'விடுங்க, பரவாயில்லை' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

2.55. பட்டியலில் கார்டு வந்துவிட்டது. ஆனால் ஒரே கார்டு இரண்டு தடவை இருந்தது. 'யூஎஸ்பி ஆடியோ'. அதன் கீழே, '2 - யூஎஸ்பி ஆடியோ'.

"போர்ட் மாத்தினா அப்படித்தான் காட்டும் மாமா. ரெண்டாவதைத் தொடுங்க."

தொட்டேன். வேலை செய்தது.

அவள் படிக்க ஆரம்பித்தாள். "கதவைச் சாத்துங்க." "எனக்குப் பசிக்குது." ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்தது தானாகத் திரையில் வந்தது. அவள் பேசப் பேசப் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் படித்து முடித்த பிறகும் கோடு கொஞ்ச நேரம் ஆடியது... யாரோ மூச்சு விடுவதைப் போல. இதுவும் டிரைவர் கோளாறுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்தோராவது வாக்கியத்தோடு அவள் குரல் அடைத்துப் போனது. மணி 4.12. வெந்நீர் கொடுத்தேன். முதுகைத் தடவினேன். வெறும் காற்றுதான் வந்தது. இன்னும் எண்பத்தொன்பது பாக்கி. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "யாராவது உதவி பண்ணுங்களேன்" என்று வாய்விட்டே சொன்னேன். அறையில் நாங்கள் இருவர்தான்.

4.19. பச்சைக் கோடு எழுந்தது.

அவள் வாய் மூடியிருந்தது.

ஹெட்போனைக் காதில் வைத்தேன். "ஜன்னலைத் திறந்து வைங்க." அவள் குரல். திரையில் இருந்த அறுபத்திரண்டாவது வாக்கியம். கரகரப்பு இல்லை, இருமல் இல்லை... கல்யாணமான புதிதில் கேட்ட குரல்.

அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு...

அவள் நோட்டில் எழுதினாள். 'நான் இல்லை.'

மைக்கின் வயரைப் பிடுங்கினேன்.

கோடு நிற்கவில்லை.

கார்டையே பிடுங்கியிருக்கலாம். கை அதன்மேல்தான் இருந்தது. பிடுங்கவில்லை. எனக்கு நூற்றைம்பதும் வேண்டும்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வேண்டாம்... வேண்டாம்...

5.03. நூற்றைம்பது. கோடு அடங்கியது.

அனுப்பிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்தில் குரலும் வந்தது. அவள் எழுத, போன் பேசியது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அவளே படித்த அறுபத்தொன்றும் அதில் கலந்திருக்கிறதே என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் அந்த நிலையத்திலிருந்து ஒரு பெண் பேசினார். குரல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன்.

"ஆச்சரியம்தான் சார். நீங்க அனுப்பினதுல முதல் அறுபத்தொண்ணுல சத்தமே இல்ல, எல்லாம் காலி. மிச்சம் இருந்த எண்பத்தொன்பதை வச்சுத்தான் முழுசா செஞ்சோம்."

என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

சமையலறையிலிருந்து போன் கூப்பிடுகிறது. "என்னங்க, சாப்பிட வாங்க."

இதோ வருகிறேன் என்கிறேன். வேறு என்ன செய்ய?