படத்தில் இடது ஓரம் நின்றவன்

விளம்பர ஆட்டோ தெருவுக்குள் வரும்போது, பேச்சு தொடங்குவதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு எழும். மைக்கைத் திறந்தவன் மூச்சை இழுக்கும் சத்தம் அது. இப்போதெல்லாம் பதிவுசெய்த குரல்தான், மூச்சை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். என்றாவது வெட்ட மறந்த மூச்சு ஒன்று ஜோகுபாளையத்தின் சந்துகளில் வளைந்து என் ஜன்னல்வரை வந்துவிடும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். யாரோ கன்னடத்தில் துணிக்கடைத் தள்ளுபடியைக் கூவிக்கொண்டு கடந்துபோவான். ஒரு நாள் கெட எனக்கு அந்த மூச்சு போதும்.

என் நண்பனுக்கு நெஞ்சு முழுக்க மூச்சு. வீடு ஒன்றரை அறை. அதில் அவனும் அவன் அக்காவும். பெற்றவர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். அக்கா ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்து அவனை வளர்த்தாள். தொண்ணூற்றொன்றின் கடைசியில், காவிரிக்காக ஊர் எரிந்து, தமிழ் பேசியவர்களுக்கு அடி விழுந்த நாட்களில், எங்கள் இருவருக்கும் மீசை அரும்பியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அக்கா சொன்னாள்: "வெளிய போனா வாய மூடிக்கோங்கடா ரெண்டு பேரும். யாராச்சும் கேட்டா கன்னடத்துல சொல்லுங்க. பயத்துல வரலன்னா ஊமை மாதிரி நில்லுங்க."

எங்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனால் நாக்கு நடுங்கினால் கன்னடமும் தமிழாகத்தான் கேட்கும்.

அந்த அடைபட்ட நாட்களில்தான் அந்தக் கேசட் வந்தது. கப்பலில் வேலைபார்த்த மாமா ஒருவர் எப்போதோ கொடுத்து, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. நகலின் நகல். அமெரிக்காவின் ஏதோ ஊரைச் சேர்ந்த மூன்று பேர், பாடாமல், பேசாமல், இரண்டுக்கும் நடுவில் ஓடினார்கள். ஹிப் ஹாப் என்ற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. முக்கால்வாசி புரியவுமில்லை. அந்த மொழியில் எவ்வளவு கத்தினாலும் இந்த ஊரில் யாரும் அடிக்க வரமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. தெருவில் போலீஸ் வேன் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போர்வைக்கு அடியில் அவன் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தான்.

கேசட்டோடு ஜெராக்ஸ் எடுத்த அட்டை ஒன்றும் இருந்தது. கரி அப்பிய மூன்று முகங்கள். பெயர்கள் மசியில் கரைந்துபோயிருந்தன. எந்தக் குரல் எந்த முகத்துடையது என்று நாங்களேதான் முடிவுசெய்தோம். இடது ஓரத்தில் ஒருவன், தொப்பியைச் சாய்த்து, முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான். உலகத்தையே கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். கேசட்டின் பெரிய குரல், நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வரும் அந்தக் குரல், இவனுடையதாகத்தான் இருக்கவேண்டும். நடுவில் நின்ற ஒல்லிக்கு மெல்லிய குரலைக் கொடுத்தோம். பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்ற குண்டு ஆளுக்கு மிச்சத்தைக் கொடுத்தோம். மிச்சம் என்பது, பெரிய குரல் ஒரு வரியை ஓடி முடிக்கும்போது கடைசி வார்த்தையை மட்டும் கூடச் சேர்ந்து பிடிக்கும் வேலை. அந்த ஒரு வார்த்தைக்குள் முன்னவன் மூச்சு வாங்கிக்கொள்வான்.

அதற்கு நாங்கள் வால் பிடிப்பது என்று பெயர் வைத்தோம். வால் பிடிப்பவன் நான்.

அவனோ அந்த இடது ஓரத்து ஆளாகவே ஆகிப்போனான். தொப்பி அதே சாய்வு. முகவாய் அதே உயரம். அக்கா கேட்பாள்: "ஏன்டா, கழுத்துல சுளுக்கா?" சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த பத்திரிகைகளைப் புரட்டி அந்த ஆளுக்கு ஒரு வாழ்க்கையைத் தைத்தோம். தொழிற்சாலைகள் மூடிப்போன ஊரில் பிறந்தான், தேவாலயத்தில் பாடினான், அப்பன் பஸ் ஓட்டினான். எது அந்தக் குழுவைப் பற்றியது, எது வேறு எவனையோ பற்றியது என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு விருப்பமில்லை.

எங்கள் குழு என்றால் நாங்கள் இருவர்தான். மேடை என்று ஒன்று கிடைத்தது தொண்ணூற்றெட்டில், லிங்கராஜபுரத்தில், ஒரு கல்யாண வரவேற்பில். ஆர்கெஸ்ட்ராப் பாடகர் டீ குடிக்கப் போன இடைவெளியை எங்களுக்குக் கொடுத்தார்கள். இவன் மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: "என்னப்பா இவன், மாப்பிள்ளையத் திட்றானா?"

பாதியில் இங்கிலீஷ் மறந்துபோனது. நிற்கவில்லை அவன். தமிழுக்குத் தாவினான். குழாயடி, பஸ் ஸ்டாண்ட், வாயை மூடச் சொன்ன அக்கா என்று வாய்க்கு வந்ததெல்லாம் தாளத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அத்தனை வருஷத்தில் அவன் தமிழில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். கண் மட்டும் மண்டபத்து வாசலிலேயே இருந்தது. அடிக்க யாரும் வரவில்லை. ஜனம் சிரித்தது, கை தட்டியது, பிரியாணிக்கு எழுந்துபோனது. பிறகு கல்யாண வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அவன் பாடிய இடத்தில் பந்தியைக் காட்டியிருந்தார்கள்.

அவ்வளவுதான் அவனுடைய மேடை வாழ்க்கை.

நான் ஒரு கம்பெனியில் கிளார்க் ஆனேன். அவன் குரலுக்கும் ஒரு வேலை கிடைத்தது. புடவைக் கடை, சர்க்கஸ், கொசுவலை, தேர்தல் என்று ஆட்டோவை ஓட்டிக்கொண்டே மைக்கில் அறிவிப்பான், அழகான கன்னடத்தில். கன்னத்தில் எப்போதும் குட்கா. இரண்டாயிரத்தில் கன்னட நடிகரைக் காட்டுக்குள் கடத்திப்போய் ஊர் மறுபடி முறுக்கிக்கொண்டபோதும் அவன் வண்டி நிற்கவில்லை. கன்னடத்தில் முழங்கும் ஆட்டோவை யார் மறிப்பார்கள்? புடவைத் தள்ளுபடியைக்கூட அவன் அந்தத் தாளத்தில்தான் சொன்னான். கடைசி வார்த்தைகள் மட்டும் தனியாக விழும். பிடிக்க ஆளில்லை. இவனே முழுக்கக் கத்திவிட்டு, மூச்சுக்குத் தவிப்பது மைக்கில் கேட்கும்.

சில வருஷம் கழித்துக் குரல் கட்டியது. சளி என்றான். தூசி என்றான். கடைசியில் அக்கா கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், எடுக்காவிட்டால் தங்காது என்றார்கள். இவன் மாட்டேன் என்றான். ஒவ்வொரு முறையும் மாட்டேன் என்றான். அக்கா சாப்பிடுவதை நிறுத்திப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

டாக்டர் கடைசியாக எச்சரித்த அன்று நான்தான் கூடப் போயிருந்தேன். அவன் ஆட்டோவிலேயே திரும்பினோம். உடைந்த குரலில் பேசிக்கொண்டே ஓட்டினான்.

"அந்த டாக்டர் குரலக் கேட்டியா மச்சா? தகரத்த தேச்ச மாதிரி. அவன் என் குரல எடுக்கணுமாம்."

"எடுத்தா இருப்படா."

"இருந்து? சிக்னல்ல நின்னு கையாட்டவா? சும்னே தலையத் தின்னாத."

வியாழக்கிழமை. விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்கு வந்த கூட்டத்தில் வண்டி நகரவில்லை. மெழுகுவர்த்தி விற்பவர்களுக்குப் பின்னால் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவன் சொன்னான்: "வா, நம்மாளு என்ன ஆனான்னு பாப்போம். அவனுக்காச்சும் குரல் இருக்கான்னு."

கேசட்டில் இருந்த ஒரு வரியைத் தட்டித் தேடினேன். குழு கிடைத்தது. பழைய மேடை வீடியோ ஒன்று நின்று நின்று ஓடியது. அதே தொப்பி, அதே முகவாய், அதே இடது ஓரம். பெரிய குரல் எழுந்தது. தொப்பிக்காரன் வாய் அசையவில்லை. வரியின் கடைசி வார்த்தை வந்தபோது மட்டும் திறந்து மூடியது. குரல் பின்னாலிருந்த குண்டு ஆளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

"தப்பா ஏத்திருக்காங்க. வேற போடு."

வேறு போட்டேன். அதிலும் அப்படித்தான்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, கண்ணில் நீர் வந்து, பக்கத்துப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்போ இத்தன வருஷமா உன் டிரஸ்ஸ மாட்டிட்டுத் திரிஞ்சிருக்கேன் மச்சா. தூ!"

"அந்தக் குண்டு ஆளு இப்ப எங்க இருக்கான் பாரு" என்றான். பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுவிலேயே இறந்துபோயிருந்தான். லிங்கராஜபுரத்தில் இவன் பாடியபோது அவன் மண்ணுக்கடியில் இருந்திருக்கிறான்.

"தொப்பிக்காரன்?"

சொந்த ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். படம் இருந்தது. தலை வழுக்கை, இடுப்பில் ஒரு குழந்தை. முகவாய் மட்டும் இறங்கவில்லை.

"பேரனா அது?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"குரல் வச்சிருந்தவன் போய்ட்டான். வால் புடிச்சவன் பேரனத் தூக்கிட்டு நிக்கறான் பாரேன்" என்றான். சிரிக்கவில்லை இப்போது. அந்தப் படத்தை நான் மூடப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டான். நேரம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் வந்து சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியே மெழுகும் மல்லிகையும் கலந்த புழுக்கம். வண்டியைக் கிளப்பி, அல்சூர் ஏரியைத் தாண்டினான். பிறகு முன்பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "அக்காகிட்ட நீயே சொல்லிடு. பண்ணிக்கறேன்னு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று மாற்றிச் சொல்லியிருப்பான். அதன் பிறகும் சில வருஷம் இருந்தான், கழுத்துத் துளையில் காற்று சீற, கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டு. அந்த வருஷங்களை இங்கே எழுதப் போவதில்லை.

அறுவைச் சிகிச்சை அன்று காலை அவனைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சைத் துணிக்குள் சின்னதாகத் தெரிந்தான். அக்கா புதிதாக வாங்கிய செல்போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஏதாச்சும் பேசுடா. என் பேரச் சொல்லு, அது போதும். வச்சிக்கறேன்."

"அத உள்ள வை அக்கா. மானம் போகுது."

"ஒரு வார்த்த."

"உள்ள வைன்றேன்ல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரி ஆள் வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். நான் கூடவே நடந்தேன். கதவுக்கு முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன். அவன் மூச்சு காதில் சுட்டது.

"கேன்டீன்ல சித்ரான்னா வாங்காத மச்சா, நேத்தோடது. அக்கா காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. வெளிய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ. போ, நிக்காத இங்க."