பாஸ்கர் கொடுத்த முதல் கப்

2002 செப்டம்பர் 18, புதன்கிழமை. காலை திருவொற்றியூரில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கி, 7.05க்கு எங்கள் கருத்தரிப்பு மையத்தின் லேபைத் திறந்தேன். உடை மாற்றி, கை கழுவி, இன்குபேட்டரைப் பார்த்தேன்: வெப்பம் 37, கார்பன் டை ஆக்சைடு 6. மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று வாடையோடு அடித்ததால் வெளிக்கதவின் இடுக்கில் டேப் ஒட்டினேன். நைட்ரஜன் கேனின் அளவைக் குறித்தேன். அன்று ஒரே ஒரு கேஸ்.

தேவி, வயது 34, எர்ணாவூர். கணவர் பாஸ்கர், ஓர் எண்ணெய்க் கிடங்கில் டேங்கர் லாரிகளிலிருந்து சாம்பிள் எடுக்கிற வேலை. கல்யாணமாகி எட்டு வருடம். பாஸ்கரின் மூன்று ரிப்போர்ட்டுகளும் நான் எழுதியவை. மூன்றிலும் விந்தணுக்கள் மிகச் சில. நகர்பவை அதைவிடக் குறைவு. அதனால்தான் இக்சி. சாதாரண டெஸ்ட் டியூப் முறையில் முட்டையைச் சுற்றி விந்தணுக்களை விட்டுவிட்டு, ஏதாவது ஒன்று தானாக நுழையட்டும் என்று காத்திருப்போம். இக்சியில் ஒரே ஒரு விந்தணுவை முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் நாமே முட்டைக்குள் செலுத்துகிறோம். யாருடைய விந்தணு என்பதை அங்கே முடிவு செய்வது இயற்கை இல்லை, என் கை.

டாக்டரம்மா 9.10க்கு ஏழு முட்டைகள் எடுத்துக் கொடுத்தார். முதிர்ந்தவை ஐந்து. ஹார்மோன் ஊசிகளால் தேவிக்கு வயிறு உப்பி மூச்சு வாங்கியிருந்தது. இன்னொரு முறை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். ஆக, இந்த ஐந்துதான்.

9.40க்கு பாஸ்கரின் கப் வந்தது. ஒரு துளி எடுத்துப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் விந்தணுக்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூச்சு விடும் நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்த மூன்று ரிப்போர்ட்டுகளும் ஞாபகம் வந்தன.

முதலில் என்மேல்தான் சந்தேகம். லேபிளைப் பார்த்தேன், என் எழுத்து. வேறு கேஸ் இல்லாததால் கப் மாறவும் வழியில்லை. புதிய ஸ்லைடில் இன்னொரு துளி வைத்தேன். அதே கூட்டம். எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் கூடும், குறையும். ஆனால் இப்படிக் கூடி நான் பார்த்ததில்லை.

நடையில் பாஸ்கர் தன் நண்பன் சேகரோடு உட்கார்ந்திருந்தார். அவரை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டு, கப்பில் இருப்பது அவருடையதுதானா என்று கேட்டேன்.

"நீதான சார் சொன்ன, நல்ல சாம்பிளா கொண்டானு? என்துதான் மூணு வாட்டி பெயிலாச்சே. அதான் சேகரு குடுத்தான். மூணு புள்ள கீது சார் அவனுக்கு. பீடி கூட குடிக்க மாட்டான்."

சொன்னது உண்மைதான். போன வெள்ளிக்கிழமை நான்தான் சொன்னேன். மூன்று நாள் மனைவியிடமிருந்து விலகியிருந்து, சுத்தமான கப்பில் தரவேண்டும் என்ற அர்த்தத்தில். பாஸ்கரின் கிடங்கிலோ ஒரு டேங்கரின் சாம்பிள் பெயிலானால் லாரி நாள்கணக்கில் நின்றுபோகும். அப்போது டிரைவர் கெஞ்சினால் பக்கத்து டேங்கரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். அதற்குப் பெயர் நல்ல சாம்பிள்.

குழந்தை யாருடையதாக இருக்கும் என்று யோசித்தீர்களா என்றேன்.

"ஊசி போடறது நீ. பெத்துக்கறது அவ. வளக்கறது நானு. நடுவுல இன்னா சார்?"

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தேவி கையெழுத்துப் போட்டது கணவர் பெயர் உள்ள பாரத்தில். வேறு ஒருவருடையது வேண்டுமென்றால் அதற்குத் தனி விதிமுறை, தனி பாரம், இரண்டு பேரின் சம்மதம். முதலில் தேவியிடம் பாஸ்கரே சொல்லவேண்டும் என்றார். நீயே சொல்லேன் சார் என்று பாஸ்கர் என்னைக் கேட்டார். மறுத்துவிட்டேன்.

10.50க்கு, தேவிக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்தபின், பாஸ்கர் சொன்னார். நான் கதவருகில் நின்றேன். தேவி அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எட்டு வருசமா உன் மூஞ்சிய பாத்துகினு கீறேன், அதுவே பழகிப் போச்சு. இப்போ சேகரு மூஞ்சி இன்னாத்துக்கு? போ. உன்து எதுனா கீதானு பாரு."

சேகர் யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். முதல் கப்பை டாக்டரம்மா முன்னால் அழித்து, 11.05 என்று குறித்தேன்.

அதன்பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. எடுத்த முட்டை நேரம் ஆக ஆகத் தளரும். சாம்பிள் எடுக்கும் அறையிலிருந்து பாஸ்கர் 11.30க்கு வெறுங்கையோடு வெளியே வந்தார், 12.15க்கும் அப்படியே. அவசரப்படுத்தினால் இன்னும் கெடும் என்று தெரிந்ததால், கடிகாரத்தைப் பார்க்காதவன்போல் நின்றேன். 12.50க்கு கப் வந்தது.

சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, அடியில் தங்கியதைச் சிறு சிறு துளிகளாக வைத்துத் தேடினேன். நாற்பது நிமிடத்தில் ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. 2.20க்கு நான்காவது. ஐந்தாவது கிடைக்கவில்லை. ஒரு முட்டை சும்மா நின்றது.

ஒவ்வொரு விந்தணுவின் வாலையும் ஊசி முனையால் தேய்த்து ஓட்டத்தை நிறுத்தி, வால் முன்னே வர உறிஞ்சினேன். முட்டையை இடப்பக்கக் குழாய் பிடித்துக்கொள்ள, வலப்பக்கத்திலிருந்து ஊசியை நுழைத்தேன். உள்சவ்வு ரப்பர்போல் உள்வாங்கும். மெல்ல உறிஞ்சினால் சட்டென்று விடும். அந்த நொடியில் விந்தணுவை விட்டுவிட்டு ஊசியை வெளியே இழுக்கவேண்டும். முதல் முட்டை நன்றாக நடந்தது. இரண்டாவதில் சவ்வு சீக்கிரமே கிழிந்து, முட்டை கண்ணெதிரே கறுத்துச் சுருங்கியது. அடுத்த இரண்டையும் முடித்தபோது மணி 3.05. மூன்று முட்டைகள் இன்குபேட்டருக்குள் போயின.

யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்ற எண்ணம் வீடு திரும்பும் ரயிலில் என்னோடு வந்தது. முதல் கப்பைப் பயன்படுத்தியிருந்தால் ஐந்தும் உள்ளே போயிருக்கும். ரிப்போர்ட்டும் அழகாக இருந்திருக்கும். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதிர்பார்த்ததைவிட மோசமாக வந்தால் ஒருமுறை சரிபாருங்கள், எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் இரண்டுமுறை. கணவர்களிடம் 'நல்ல' என்ற வார்த்தையை நான் அதன்பிறகு சொல்வதில்லை. எப்படி இருந்தாலும் சரி, உங்களுடையதைக் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

மறுநாள் காலை 7.30க்கு, வேறு எதையும் தொடுவதற்கு முன், மூன்று முட்டைகளையும் மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். முதலாவதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் நடுவில், கரு உருவானதற்கு அடையாளமாக, இரண்டு சிறு வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தன. ஒன்று தேவியுடையது. இன்னொன்று பாஸ்கருடையது.