எழுதாமல் விட்ட மூன்றாவது சமாதி

போன ஆண்டு தீபாவளிக்கு முந்தின மாதம். டுரியான் துங்கால் பக்கம், எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த எஸ்டேட்டில் வீடுகள் கட்டப்போகிறார்களாம். அங்கிருக்கும் சமாதிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தகவல் வந்தது. குருபோங்கில் என்னோடு இருக்கும் அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தாத்தா, பாட்டி என்று இரண்டு பேரை மட்டும் விண்ணப்பப் பாரத்தில் எழுதி நானே கொடுத்துவிட்டேன்.

எடுக்கக் குறித்த நாள் காலை இரண்டு சமாதிகளையும் தோண்டி, எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி வைத்தாயிற்று. கூட வந்திருந்த அப்பா கிளம்பும்போது காருக்கு வரவில்லை. சற்றுத் தள்ளி, புல் மண்டிய இடத்தில் நின்றிருந்தார்.

“இங்க பாப்பா இருக்கும்மா.”

“எந்தப் பாப்பா, அப்பா?”

“என் தங்கச்சி. நாலு வயசு. எனக்கு ஏழு. பாத்துக்கடான்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க. நான் கத்திரிக்கா பறிச்சிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். தண்ணி எடுக்கிற குழியில கெடந்துச்சி.”

எனக்கு இப்படி ஓர் அத்தை இருந்ததே அன்றுதான் தெரியும்.

மேற்பார்வைக்கு வந்தவர் தாளைப் புரட்டினார். “பாரத்துல ரெண்டுதானேக்கா இருக்கு? மறுபடி எழுதிக் கொடுக்கணும்லா.”

தவறு என்னுடையது. சமாதிகளைத் தோண்டியவர்தான் மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

“நாளைக்கு மண்ணு தள்ற மெஷின் வந்துரும் பாஸ். அங்கிள், நீங்க எடத்தக் காட்டுங்க.”

இடுப்பளவு தோண்டினார். பிறகு குழியில் குனிந்து கையாலேயே துழாவினார். ஒன்றுமே இல்லை.

“சின்னப் பிள்ளைல்ல, கரைஞ்சிருக்கும் அங்கிள்” என்றார் மெதுவாக. அடிமண்ணை இரு கையாலும் அள்ளி, பெரியவர்களுக்குச் செய்தது போலவே வெள்ளைத் துணியில் கட்டி அப்பாவிடம் நீட்டினார்.

காரில் அப்பா அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

“நான் பாத்திருக்கணும்.”

“உங்களுக்கு ஏழு வயசுப்பா.”

என் தோளில் கை வைத்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்று பேரையும் புது இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். அறுபது வருடத்துக்கு மேலாக அப்பா தனியாகச் சுமந்ததைப் பற்றி, கூடவே இருந்த நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேர்கூடத் தெரியாத ஒருவர் அதற்காகக் குழியில் இறங்கினார் என்பது இன்றும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.