தை மாதத்தில் அளந்த காற்று

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை கூடும் நாளில் எங்கள் அலுவலகத்தில் பேசினால் காது கேட்காது. தீவனக் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச். ஆலைகளில் வேலையும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்வதுதான் தொழில். "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று ஊரே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் கூட்டாளிக்கு வராது. இன்று மூன்று மாடி, நாற்பது பொறியாளர்கள். ஆனாலும் அந்தத் தீவன வாசனைக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

முதல் பெரிய வேலை குமுளிக்கு மேலே ஒரு தேயிலை ஆலையில் கிடைத்தது. பறித்த இலையை அரைக்கும் முன் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு வாட்டுவார்கள். காற்றைச் சூடாக்க ஓர் அடுப்பு. அது விறகைத் தின்று தீர்த்தது. தை மாதம் இருவரும் போய் அளந்தோம். அடுப்பு எரியாமலேயே இலை அழகாக வாடியது. எங்கள் பாலக்காட்டுப் பக்கம் தைக்காற்று ஈரத்துணியை அரைமணியில் காய வைத்துவிடும். காற்றில் ஈரமும் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. "மழையையும் பாத்துட்டு எழுதுங்க சார்" என்று தொட்டிகளைக் கவனிக்கும் மேஸ்திரி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறிக்கையில் அந்தப் பகுதியை நான்தான் எழுதினேன்: அடுப்பு தேவையில்லை, எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டார்கள்.

ஆடியில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். விடாத மழை, மூடுபனி. தொட்டிகளில் இலை வாடாமல் புளித்துக் கிடந்தது. மேலாளர் அறையில் அந்த மேஸ்திரி கைகட்டி நின்றார். அவர் கவனிக்காததால்தான் இலை கெட்டது என்று வேலைநீக்கக் கடிதம் தயாராக இருந்தது.

"எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்டயும் காலி பண்ணச் சொன்னா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க சார் போவேன்?" என்றார்.

ஈரக்காற்றில் அடுப்பில்லாமல் இலை வாடாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் ஒத்துக்கொண்டால் அன்றோடு எங்கள் கம்பெனிக்கு மூடுவிழா. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டாளி முன்னால் போனார். "அவர் மேல தப்பில்லீங்க. அடுப்ப எடுக்கச் சொல்லி எழுதுனது நானுங்க. மழையில ஒருக்கா வந்து பாத்திருக்கோணும். அடுப்ப நாங்களே கட்டித் தர்றோமுங்க."

மேலாளர் கடிதத்தைக் கிழித்தார். மேஸ்திரி கூட்டாளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்பம் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவர் கேட்கவே இல்லை.

தப்பை ஒத்துக்கொள்ளும் கம்பெனி என்ற பேச்சு மலை முழுக்கப் பரவியது. ஆலைகள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டன. வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை அளப்பது எங்கள் வழக்கமாயிற்று. புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் முதல் நாளே 'பெரியவர் செய்த தப்பு' என்று கூட்டாளியின் பெயரில் இந்தக் கதையைச் சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டியிருக்கிறேன். சீ, என்ன மனுஷன் நான்!

போன மாதம் கூட்டாளி ஓய்வு பெற்றார். விழாவில் இளம் பொறியாளர் ஒருத்தி அதே கதையைச் சொல்லி முடித்தாள், எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, "அதை எழுதினது அவரில்லை, நான்" என்றேன்.

கூட்டாளி மைக்கை வாங்கினார். "ஏனுங்க, முப்பது வருசமா அத வெச்சுத்தான் எனக்கு இத்தன மரியாதை. கடைசி நாள்ல பிடுங்கிட்டீங்களே!"

கூடமே சிரித்தது. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னாலும் நான் தேம்பித் தேம்பி அழுதேன்.