மாட வீதிக்கு வந்த கடல் பறவை

தொண்ணூறுகளின் தொடக்கம். தூத்துக்குடிப் பக்கம் புயல் என்று எங்களுக்கும் மூன்று நாள் மழை. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். மனைவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்க்கார் வேலை என்பதால் கோயில் மாட வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கறி, மீன் சமைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்த வீடு கிடைத்தது. வாய்க்கு வேண்டுமென்றால் தளவாய்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவோம். மனைவிக்கு ஏழு மாசம். வேறு வீடு தேடி அலைகிற நிலைமையில் நாங்கள் இல்லை.

நாலாம் நாள் காலை மழை விட்டிருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் படியெல்லாம் செருப்பு. மொட்டை மாடியில் தெருச் சனம் கூடி நிற்க, நடுவில் ஒரு பறவை கிடந்தது. உடம்பு கருப்பு, தலையும் நெஞ்சும் வெள்ளை. கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால். நீண்ட அலகு, நுனியில் கொக்கி. றெக்கையை விரித்தால் ஒரு ஆளைவிட நீளம். எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. கால் அவ்வளவு குட்டை.

"கருடாழ்வார்" என்றார் கீழ் வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர். ரிட்டையரான வாத்தியார், நல்ல மனுஷன். எங்கள் கோயிலில் கருடன் பெருமாளோடும் ஆண்டாளோடும் ஒரே வரிசையில் நிற்பவர். வெள்ளை நெஞ்சைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"கருடன்னா செவப்பா இருக்கும்லா?" என்று கேட்டேன்.

"மூணு நாள் மழையில நனைஞ்சா நீகூடத்தான் கருப்பா இருப்ப" என்றாள் எதிர்வீட்டு ஆச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

அலகைப் பிளந்து பால் ஊற்றினார்கள். துளசித் தீர்த்தம் ஊற்றினார்கள். ஒருத்தி பால்கோவாவைக் கரைத்து ஊற்றினாள். பறவை தலையை உதறி எல்லாவற்றையும் கக்கியது. பாலோடு ஒரு துண்டு மீன் முள்ளும் வந்து விழுந்தது. கவிச்சி குப்பென்று அடித்தது. நான் பார்த்தேன். வாத்தியாரும் பார்த்தார். "காக்கா போட்டிருக்கும்" என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் தள்ளிவிட்டார்.

இது கடலில் மீன் பிடித்துத் தின்கிற ஜீவன், புயல் தூக்கிவந்து இங்கே போட்டிருக்கிறது என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கீழே இறங்கி மனைவியிடம் சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்த வீட்டுல மீனுன்னு வாயால சொன்னாலே போச்சு."

"செத்துரும்."

"சாகட்டும். நான் இந்த வயித்தோட எங்க போறது?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். மழைத் தண்ணீரில் ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரல் நீளக் கெண்டையாக ஒரு கை வாங்கி, மில்லுக்குக் கொண்டுபோகும் தூக்குவாளியில் போட்டு மூடினேன். வாசலில் வாத்தியார் தூக்குவாளியைப் பார்த்தார். "இன்னைக்குப் பகல் ஷிஃப்டா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கிப் போனதும் மேலே ஏறினேன். மீனைத் தரையில் போட்டேன். அது தொடவில்லை. அலகைப் பிளந்து உள்ளே தள்ளினேன். விழுங்கியது. இரண்டாவதையும் விழுங்கியது. அப்புறம் தானாகவே வாயைத் திறந்தது. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது வாத்தியார் சொம்போடு மேலே வந்துவிட்டார்.

"என்ன குடுக்கீங்க?"

"மீன் சார். இது கடல் பறவை."

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அழுதார். "பெருமாளைச் சுமக்குறவர் வாயிலயா தம்பி?" என்றார். மீதி மீனைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

பிறகு பரிகாரம் என்று சொல்லி அந்த ஈரக் காற்றில் பறவைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுபடி பால். மாடிக் கதவைப் பூட்டி, சாவியை வாத்தியார் மடியில் முடிந்துகொண்டார். சாயங்காலம் வரை படியில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் றெக்கை தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பூட்டெல்லாம் ஒரு பூட்டா? என் பையில் ஸ்பேனர் இருந்தது. செத்த நேரத்தில் உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. கீழே மனைவி நெஞ்சில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைத் திறந்தார்கள். செத்துக் கிடந்தது.

மாலை போட்டார்கள், பட்டுத்துணி போர்த்தினார்கள். கொல்லையில் குழி தோண்ட நான்தான் வேண்டியிருந்தது. தோண்டினேன். பறவையைத் தூக்கி உள்ளே வைத்ததும் நான்தான். அவ்வளவு பெரிய றெக்கை, ஒரு கோழி கனம்தான் இருந்தது.

மண்ணைத் தள்ளி முடித்ததும் வாத்தியார் என் தோளில் கை வைத்தார்.

"நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பீங்க. வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மீன்தான் தம்பி அதைக் கொன்னுட்டுது."

"ஆமாம் சார்" என்றேன்.

அந்த வீட்டில் இன்னும் நாலு வருஷம் இருந்தோம்.