பிணமாகப் படுத்த புஷ்பம்

கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்த புஷ்பம், சனிக்கிழமைதோறும் பிணமாவாள். கேட்கவே அபசகுனமாக இருக்கிறதல்லவா? அவளுக்கோ அது வசதியாக இருந்தது.

அவள் பிணமானது யசோதா டீச்சர் தொடங்கிய பெண்கள் பாட்டுக்குழுவில். வரிசையாக நின்று பாடிவிட்டுப் போகிற குழு அல்ல. ஒப்பாரியைப் பல குரல்களில் பின்னி நாடகமாக்க வேண்டுமென்பது டீச்சரின் ஆசை. கட்டுகஸ்தோட்டை வீதியில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் பயிற்சி நடக்கும். "எழவு விழாத எடத்துல ஒப்பாரி வைக்கிறாளுக" என்று கீழே கடையில் முணுமுணுப்பார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

நடுவில் ஒருத்தி வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருப்பாள். மற்றவர்கள் சுற்றி நின்று ராகம் இழுக்க, ஒவ்வொருத்தியாக முன்வந்து தன் வீட்டுச் சாவைப் பாடுவாள். கடைசி அடியில் செத்தவரின் பெயர் வரும். பெயர் வந்ததும் பிணம் எழுந்து உட்கார வேண்டும். அதுதான் நாடகத்தின் விதி.

படுத்திருப்பவள் பாட வேண்டியதில்லை. புஷ்பம் படுத்ததே அதற்காகத்தான். அவளுடைய மகன் தனபாலன், பல்லேகலவில் ஒரு தொழிற்சாலை மெஷினுக்கு இடது கை மோதிர விரலைக் கொடுத்துவிட்டு, அந்த வேலையே வேண்டாமென்று கொழும்புக்குப் போனவன். போனவன் போனவன்தான். யுத்தம் முடிந்து சில வருடங்களாகியும் ஒரு தகவலும் இல்லை. குழுவில் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. ஒப்பாரியில் அவன் பெயரை எடுத்தால், பெற்ற வாயாலேயே பிள்ளையைச் சாகடித்ததாகிவிடும் என்று பயந்தாள். பாவம், வேறென்ன செய்வாள்.

நாளாக ஆக, மற்றப் பெண்கள் அவளைப் பார்க்கும் பார்வை மாறியது. கம்பளைக் கமலம், செத்துப்போன தன் அம்மாவுக்குப் பிடிக்குமென்று கொழுக்கட்டை கொண்டுவந்து, முகத்தைப் பார்க்காமல் புஷ்பத்தின் கையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். இன்னொருத்தி பஸ் நிலையத்தில், இத்தனை சனத்துக்கு நடுவில், குனிந்து அவள் காலைத் தொட்டாள். தொட்ட விரல்கள் ஈரமாக இருந்தன. புஷ்பம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இனி நான் படுக்க மாட்டேன், டீச்சர்."

"அப்ப பாடுங்க. கமலம் படுக்கட்டும்."

மாட்டிக்கொண்டாள். அன்று பின்னேரம் தகரக் கூரையில் மழை. மற்றவர்கள் ராகம் இழுக்க, புஷ்பம் முன்னால் வந்து பாடினாள். தொட்டில் கட்டியதைப் பாடினாள், பள்ளிக்கு அனுப்பியதைப் பாடினாள். பெயர் வரவேண்டிய இடத்தில் மறுபடி தொட்டிலுக்கே திரும்பினாள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தாள். பெயர் வராமல் கமலம் எழும்ப முடியாது. வாய்க்கு மேலே துணி மூச்சுக்கு அசைகிறதா என்று புஷ்பம் பார்த்தாள். அசையவில்லை. பயந்துபோய், தன்னை மீறிப் பெயரைப் பாடிவிட்டாள்.

"தனபாலா..."

பிணம் எழும்பவில்லை. இன்னொரு தரம் பாடினாள். அப்போதும் இல்லை. பின்னால் ராகம் ஒவ்வொரு குரலாக அறுந்தது. டீச்சர் ஓடிவந்து துணியை இழுத்தாள். கமலம் கண்ணைத் திறந்தபடி, வியர்த்துப்போய்க் கிடந்தாள்.

"எந்திரிக்கத்தான் பாத்தேன் டீச்சர். யாரோ நெஞ்சுல கைய வச்சு அமத்துனாங்க. முரட்டுத்தனமா இல்ல. எந்திரிக்க வேணாம், படுத்திருன்னு சொல்ற மாதிரி."

"கிட்ட யாருமே வரல்லியே."

புஷ்பம் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்புடி வச்சாங்க?"

கமலம் தன் இடது கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். மோதிர விரலை மட்டும் மடக்கிக்கொண்டாள். "இப்புடித்தான். இந்த வெரல் மட்டும் படல்ல."

மழை விட்டிருந்தது. புஷ்பம் கமலத்தின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை எடுத்து அவள் முகம்வரை இழுத்து மூடினாள்.

"கொஞ்சம் படுத்திருங்க, கமலம். புள்ளைக்கு முழுசாப் பாடிர்றேன்."