டீச்சரைப் பிடித்து வைத்த மகஜர்

பெரியவளே, சின்னவனே, உங்கள் டீச்சருக்கு இடமாற்றம் வந்தும் ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டீர்கள். "ஒங்க மேல பாசம்" என்று சொல்லிவிட்டேன். பாசம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அவரை நிறுத்தி வைத்தது நான் எழுதிய ஒரு பேப்பர்.

டீச்சர் கினிகத்தேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தேயிலை மலையில் ஏறி நடப்பார். ஐந்தாம் வகுப்பு முழுக்க அவர் பொறுப்பு. ஆனாலும் அவருக்குக் கொடுத்த பெயர் ஆசிரியர் உதவியாளர். ஆசிரியர் சம்பளமும் கிடையாது, மாதக் கொடுப்பனவு மட்டும். அதில் பாதிக்கு மேல் பஸ்ஸுக்கே போய்விடும். வீட்டில் பால் மறக்காத குழந்தை வேறு. அந்த நேரத்தில்தான் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் தலைவர் பேச்சை எடுத்தார்.

"விடக்கூடாதுப்பா. போன தடவ ஒரு டீச்சர் போனாங்க, பதிலுக்கு யாரு வந்தா? மழதான் வந்துச்சு. மகஜர் எழுதுவோம்."

டீச்சருக்கு மாற்றம் என்றால் அதை நிறுத்தச் சொல்லிக் கல்வி ஆபீஸுக்கு மகஜர் எழுதுவது நம் தோட்டத்து வழக்கம். நான் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். "இவர் போனால் எங்கள் பிள்ளைகள் அநாதைகள்" என்று எழுதினேன். லயம் லயமாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினேன். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். மாற்றம் ரத்தாயிற்று.

திங்கட்கிழமை காலை பூமாலையோடு பள்ளிக்கூட வாசலில் நின்றோம். டீச்சர் அதைக் கையில் வாங்கி மேசையில் வைத்தார். எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மகஜர் நீங்க எழுதினதாண்ணே? ஆபீஸ்ல காட்டுனாங்க. எழுத்து அழகா இருந்துச்சு."

"பிள்ளைங்களுக்காகத்தான் டீச்சர்."

"என் பிள்ளையும் பிள்ளதானே. ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கலாம். காலையில இங்க வந்தா வீடு போற வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்ல, தெரியுமா? அந்தக் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. அதையும் மகஜர்ல சேத்திருக்கலாமே."

அன்றைக்கே தலைவரிடம் போனேன்.

"அண்ணே, அவங்கள விட்டுருங்கன்னு இன்னொன்னு எழுதுவோமா?"

"எழுது. அப்புறம் ஒன் மகளுக்கு யாரு பாடஞ் சொல்லுவா? எட்டாங் கிளாஸ் படிச்ச நீயா?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்தேன். பெரியவளே, நீ பக்கத்தில் உட்கார்ந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே விரலை மடக்கி மடக்கி எண்ணினாய். அவரைப் போகவிட என் கை எழவில்லை. இருக்கட்டும் என்று நினைக்கவும் மனம் ஒப்பவில்லை. பேனாவை மூடி வைத்தேன். நீ அந்தப் பரீட்சையில் பாஸானதை எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோர்வூட்டுக்குப் போய் ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. கக்கூஸ் கதவு மழையில் ஊறி உப்பியிருந்ததால், விளிம்பைச் சீவித்தான் பொருத்த வேண்டியிருந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு வெளியே வந்து, மலைத் தண்ணீர் விழும் பீலியில் ஒரு வாளி பிடித்து வந்து உள்ளே வைத்தேன்.